ஊர் கேட்கும் கணக்கு

நுழையும்முன்

நாம் நகரத்தில் வாழ்கிறோம். நம் தாத்தா பாட்டி இருக்கும் ஊருக்கு விடுமுறையில் சென்று வருகிறோம். அவ்வூரின் தெருவிளக்கையும் குடிநீர்த் தொட்டியையும் பாதுகாப்பவர் யார்? அவரிடம் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? இப்பாடம் அதனை விளக்குகிறது.

மாணவர்களே! கோடை விடுமுறையில் நீங்கள் ஊருக்குச் சென்றிருக்கிறீர்கள் எனக் கொள்வோம். காலையில் தெருக்குழாயில் நீர் வரவில்லை. மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டார் பழுதடைந்துவிட்டது. பாட்டி குடத்தை இடுப்பில் ஏந்தித் தொலைவிலுள்ள கிணற்றுக்குப் புறப்படுகிறார். யாரிடம் முறையிடுவது? தில்லியிலுள்ள நாடாளுமன்றத்திடமா? சென்னையிலுள்ள சட்டமன்றத்திடமா? அவ்வளவு தொலைவு செல்லத் தேவையில்லை. ஊரிலேயே மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் அமைப்பு இருக்கிறது. அதுவே ஊராட்சி.

மூன்று படிகள்

ஊரகப் பகுதிகளின் உள்ளாட்சி மூன்று படிகளாக அமைந்துள்ளது. முதற்படி கிராம ஊராட்சி. பல ஊராட்சிகள் சேர்ந்தது ஊராட்சி ஒன்றியம். மாவட்ட அளவில் இருப்பது மாவட்ட ஊராட்சி. தமிழ்நாட்டில் மட்டும் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் உள்ளன.

நீங்கள் வாழும் மாநிலத்திலும் இவ்வமைப்பு இருக்கக்கூடும்; பெயர்தான் மாறும். தமிழ்நாட்டில் ஊராட்சி மன்றத் தலைவர் எனப்படுபவர் பீகாரில் முகியா. உத்தரப் பிரதேசத்தில் பிரதான். இராஜஸ்தான், மகாராட்டிரம், ஹரியானா ஆகிய மாநிலங்களில் சர்பஞ்ச். அதிகாரமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மகாராட்டிரத்தில் மாவட்ட மன்றமான ஜில்லா பரிஷத் பள்ளிகளையே நடத்துகிறது. தமிழ்நாட்டின் மாவட்ட ஊராட்சிக்கோ திட்டமிடுதலும் ஆலோசனை கூறுதலுமே முதன்மையான பணிகள்.

சட்டம் வந்த வழி

ஊராட்சிகளை அமைக்க வேண்டும் என்று நம் அரசமைப்பின் 40-ஆம் பிரிவு கூறுகிறது. பல்வந்த்ராய் மேத்தா குழு 1957-இல் மூன்று படி அமைப்பைப் பரிந்துரைத்தது. 1959 அக்டோபர் 2 அன்று இராஜஸ்தானின் நாகௌரில் தலைமை அமைச்சர் நேரு அதனைத் தொடங்கி வைத்தார். எனினும் பல மாநிலங்களில் தேர்தல்கள் ஒழுங்காக நடைபெறவில்லை. கலைக்கப்பட்ட மன்றங்கள் பல ஆண்டுகள் மீண்டும் அமைக்கப்படாமலே இருந்தன.

இக்குறையைப் போக்க அரசமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஊராட்சியின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். இடையில் கலைத்தால் ஆறு மாதங்களுக்குள் தேர்தல் நடத்தவேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள் ஒதுக்கவேண்டும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் வேண்டும். தமிழ்நாடு 2016-இல் இதனைப் பாதியாக உயர்த்தியது. 21 வயது நிறைந்தவர் தேர்தலில் போட்டியிடலாம்.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்குப் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளும் தனி அலுவலர்களே நிருவகித்தனர். அக்காலத்தில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவரைப் பார்த்துக் கேள்வி கேட்க ஊரார்க்கு வழியில்லாமல் போயிற்று.

மன்றத்தின் கடமைகள்

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். வார்டு உறுப்பினர்களையும் மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். இவ்விரு தேர்தல்களும் கட்சிச் சார்பின்றி நடைபெறும். உறுப்பினர்கள் தமக்குள் ஒருவரைத் துணைத் தலைவராகத் தேர்வர்.

தெருவிளக்கு எரியச் செய்தல், ஊர்ச் சாலைகளையும் சிறு பாலங்களையும் அமைத்துச் செப்பனிடுதல், கழிவுநீர் வடிகால் அமைத்தல், குப்பை அகற்றுதல், குடிநீர் வழங்குதல், பொதுக் கழிப்பிடங்களைப் பேணுதல், இடுகாட்டையும் சுடுகாட்டையும் பராமரித்தல் ஆகியன ஊராட்சியின் கடமைகள். பாட்டியின் ஊரில் பழுதடைந்த மோட்டாரைச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பும் அதற்கே உரியது.

இப்பணிகளுக்குப் பணம் வேண்டும் அல்லவா? வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவற்றை ஊராட்சியே தண்டுகிறது. மாநில அரசும் ஒன்றிய அரசும் நிதி வழங்குகின்றன. இப்பணத்தைத் தலைவர் ஒருவரே விரும்பியபடி எடுத்துவிட இயலாது. துணைத் தலைவரின் ஒப்புதலும் வேண்டும். மாவட்ட ஆட்சியர் ஊராட்சிகளின் ஆய்வாளராக இருந்து கண்காணிப்பார். ஆயினும் இவர்கள் எல்லாரினும் மேலான கண்காணிப்பாளர் ஒருவர் உண்டு. அவர் யார்?

கிராம சபை

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் சேர்ந்ததே கிராம சபை. இதற்குத் தேர்தல் இல்லை, பதவிக்காலமும் இல்லை. 18 வயது நிறைந்து பட்டியலில் இடம்பெற்றவர் அனைவரும் இதன் உறுப்பினரே. தமிழ்நாட்டில் சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் இச்சபை கூடிவந்தது. பின்னர் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்க்கப்பட்டன. குறிப்பிட்ட எண்ணிக்கையினர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும்.

ஊர் வளர்ச்சித் திட்டமும் வரவு செலவுத் திட்டமும் இச்சபையின் ஒப்புதலுக்கு வைக்கப்படும். தணிக்கை அறிக்கையும் சபையின் முன் வரும். கூலி வேலைக்குச் செல்லும் பெண்ணும், நிலமில்லாத உழவரும், எழுதப் படிக்கத் தெரியாத முதியவரும் அங்கே எழுந்து நின்று, “மோட்டாரைப் பழுது பார்க்க எவ்வளவு செலவாயிற்று? மீண்டும் ஏன் பழுதாயிற்று?” என்று கேட்கலாம். அதற்கு விடை கூறுவது மன்றத்தின் கடமை. கூட்டத்திற்கு எவரும் வராவிட்டால் அக்கேள்வி பிறப்பதே இல்லை.

உத்திரமேரூர் காட்டும் பாடம்

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை பொ.ஆ. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கினர். ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தனர். குழந்தைக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்னும் வேறுபாடு தெரியாது அல்லவா? இதுவே குடவோலை முறை. ஆண்டுப் பணிகளைக் கவனிக்கச் சம்வத்சர வாரியம், தோட்டத்திற்குத் தோட்ட வாரியம், ஏரிக்கு ஏரி வாரியம் என வாரியங்கள் அமைந்தன.

அக்கல்வெட்டில் ஒரு விதி நம் கருத்தைக் கவர்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் சென்றவரின் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் கூடாது. ஊர்ப் பணத்திற்குக் கணக்குச் சொல்லாதவர்க்கு ஊர்ப் பதவி இல்லை என்பதே இதன் பொருள்.

ஆனால் அம்முறையை முழுமையான மக்களாட்சி என்று கூறிவிட முடியாது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராகவும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருப்பவராகவும், வேதம் கற்றவராகவும் இருந்தோர்க்கே அங்கு இடம் இருந்தது. பெண்களும் நிலமற்றோரும் அச்சபையில் இல்லை. இன்று இவர்கள் அனைவருக்கும் கிராம சபையில் இடம் உண்டு. அன்று சிலர் மட்டுமே கேட்ட கணக்கை இன்று ஊரார் அனைவரும் கேட்கலாம்.

நமக்கும் ஊருக்கும் உள்ள உறவு

ஒருவர் பெயர் ஓர் இடத்து வாக்காளர் பட்டியலில் மட்டுமே இருக்க முடியும். உங்கள் பெற்றோரின் பெயர் இந்நகரத்துப் பட்டியலில் இருந்தால், அவர்கள் இந்நகரத்து உள்ளாட்சிக்கே வாக்களிப்பர். ஊரின் கிராம சபையில் அவர்கள் உறுப்பினர் அல்லர். பிழைப்பின் பொருட்டுப் புலம்பெயர்ந்தோர் இழந்தவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் பாட்டி இன்றும் அச்சபையின் உறுப்பினர். அவர் ஒரு முறையேனும் கூட்டத்திற்குச் சென்றிருக்கிறாரா? “அதெல்லாம் பெரியவர்கள் பேசும் இடம், எனக்கென்ன தெரியும்?” என்று அவர் கூறக்கூடும். அவ்வாறு கூறினால், பட்டியலில் பெயருள்ள அனைவரும் அங்கே சமம் என்று எடுத்துச் சொல்லுங்கள். குடம் சுமப்பவருக்குத்தான் குழாயின் அருமை தெரியும். ஆகவே அவர் கேட்கும் கேள்வியே அச்சபைக்கு வேண்டிய கேள்வி.

சொல்லும் பொருளும்

தண்டுதல் – வரி முதலியவற்றை வசூலித்தல்
தணிக்கை – கணக்கு சரியா என ஆராய்தல்
செப்பனிடுதல் – பழுது நீக்கிச் சீராக்குதல்
குடும்பு – ஊரின் உட்பிரிவு
வாரியம் – ஒரு பணியை மேற்பார்க்கும் குழு
வேலி – பழைய நில அளவு

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. அரசமைப்பின் 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்த ஆண்டு ________.
2. பீகாரில் ஊராட்சித் தலைவரை ________ என்பர்.
3. உத்திரமேரூரில் பின்பற்றப்பட்ட தேர்வு முறை ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. கிராம சபையின் உறுப்பினர் யாவர்?
2. குடத்திலிருந்து ஓலை எடுக்கச் சிறுவனை அமர்த்தியது ஏன்?
3. ஊராட்சியின் கடமைகளுள் நான்கினை எழுதுக.

இ. சிந்தித்து எழுதுக.
உத்திரமேரூர்ச் சபைக்கும் இன்றைய கிராம சபைக்கும் உள்ள ஓர் ஒற்றுமையையும் இரண்டு வேற்றுமைகளையும் விளக்குக.

ஈ. செயல்பாடு
ஊரிலுள்ள உறவினர் ஒருவருடன் தொலைபேசியில் பேசுக. அவர் ஊரில் கிராம சபை இறுதியாகக் கூடிய நாளையும், அங்குப் பேசப்பட்ட ஒரு செய்தியையும் கேட்டறிந்து தமிழில் ஐந்து தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.