தேரைத்தோலும் வேலி முருங்கையும்

யாழ்ப்பாணத்து வீடுகளிற் பிள்ளையொன்றின் தோலிற் சிறு மாற்றந் தோன்றினாலும் முதலிற் குற்றஞ் சாட்டப்படுவது உணவேயாகும். "கிரந்தி" என்று கூறி இறால், நண்டு, கணவாய், முட்டை, கத்தரிக்காய் யாவற்றையும் ஒருங்கே நிறுத்திவிடுவர். குறித்த ஓர் உணவை உண்டவுடன் உடலெங்குந் தடிப்பெழுந்து அரிப்புண்டாகுமாயின் அவ்வுணவை விலக்குதல் சரியே. ஆனால், உண்டதனாலன்றி உண்ணாததனால் வருந் தோல் நோயும் உண்டு. அதற்கும் இதே பத்தியத்தைக் கைக்கொண்டால் நோய் முற்றுமேயன்றித் தணியாது.

அத்தகைய நோயை அறிவது கடினமன்று. முழங்கையின் பின்புறம், முழங்கால், தொடை, பிட்டம் ஆகிய இடங்களில் மயிர்க்கால்தோறும் கடினமான சிறு முளைகள் எழும்பி நிற்கும். தடவிப் பார்த்தால் அரத்தைத் தடவுவது போலிருக்கும். அரிப்புப் பெரும்பாலும் இராது. கொழும்புப் பற்றீரியவியல் நிறுவனத்தின் பணிப்பாளராயிருந்த டாக்டர் லூசியஸ் நிக்கல்ஸ் 1933 ஆம் ஆண்டில் இதற்குப் "பிரைனோடேமா" என்று பெயரிட்டார். தேரைத்தோல் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். மறு ஆண்டில் இலங்கை மக்களிடையே இந்நோயும் வாய்ப்புண்ணும் எவ்வளவு பரவியுள்ளன என்பதையும் அவர் ஆராய்ந்து வெளியிட்டார். விற்றமின் 'ஏ' குறைவே காரணம் என்பது அவர் முடிவு. அதனோடு 'பி' தொகுதி விற்றமின்களும், உடல் தானாக ஆக்கிக்கொள்ள இயலாத சில கொழுப்பமிலங்களுங் குறைவதும் காரணமாகலாமெனப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின. தோல் சொரசொரத்த பிள்ளை அந்திப்பொழுதிற் கண் தெரியாது தடுமாறுமாயின் அது மாலைக்கண்ணாகும். அப்போது ஒரு நாளேனும் தாமதியாது வைத்தியரிடங் காட்டல் வேண்டும்.

இக்குறையைத் தீர்க்கும் பொருள் வேலியிலேயே நிற்கிறது. நூறு கிராம் பச்சை முருங்கையிலையில் ஏறக்குறைய 6,800 மைக்கிரோகிராம் கரற்றீன் உண்டென இந்திய உணவு அட்டவணை கூறும். உடல் அதிலொரு பகுதியை விற்றமின் 'ஏ' ஆக மாற்றிக்கொள்ளும். அகத்தி, பொன்னாங்காணி, முசுட்டை முதலிய கரும்பச்சை இலைகளும் பயன்தருவனவே. வெளிறிய கோவாவில் இச்சத்து மிகக் குறைவு. எனினும், காசு கொடுத்து வாங்கிய கோவாவைப் பெருமையாகப் பரிமாறி, வேலியிற் சும்மா கிடைக்கும் முசுட்டையை விருந்தினர் கண்ணிற் படாது மறைப்போரும் உளர்.

கரற்றீன் கொழுப்பிற் கரைவது. ஆகவே, தேங்காய்ப்பூச் சேர்த்து வறையாக ஆக்கும் நம்மவர் வழக்கம் நன்று. ஆயின், மேற்கூறிய கொழுப்பமிலங்களுள் முக்கியமான இலினோலேயிக்கமிலம் தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவிலேயே உள்ளது. நல்லெண்ணெயில் நாற்பது பங்களவில் உண்டு. எள்ளுருண்டையும் எள்ளுப்பாகும் பிள்ளைகளுக்குத் தின்பண்டமாக மட்டுமன்றி உணவாகவும் உதவும். பனம்பழக் களியின் மஞ்சள் நிறமும் கரற்றீன் இனப் பொருள்களால் வருவதே. வெயிலிற் காயவைத்துப் பனாட்டாக்கும்போது அதிலொரு பகுதி அழிந்துவிடும். முட்டையின் மஞ்சட் கரு, பால், ஈரல் ஆகியவற்றில் விற்றமின் 'ஏ' நேராகவே கிடைக்கின்றது. கிரந்தியென்று அஞ்சி முட்டையை நிறுத்துந் தாய் இதனை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

உணவு திருந்தியவுடன் தோல் மாறிவிடாது. பல வாரங்கள் செல்லும். விரல் இடுக்குகளில் இரவிற் கடுமையாக அரிக்குஞ் சொறி வேறு. அது நுண்ணிய உண்ணியொன்றினால் ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றுவது. அதற்குப் பத்தியத்தாற் பயனில்லை; வீட்டார் அனைவரும் ஒரே வேளையில் மருந்து பூசல் வேண்டும். விற்றமின் 'ஏ' மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குதலுங் கூடாது. மிகையானால் அது நஞ்சாகும். கருப்பிணிகளுக்கு மிகவுந் தீது. இலைக்கறியில் அவ்வச்சமில்லை.

முருங்கை இல்லாத வீட்டார் ஐப்பசி மழையோடு மணிக்கட்டுப் பருமனும் மூன்று நான்கு அடி நீளமுமுள்ள கதியால்களை வேலியோரத்தில் நடலாம். நீர் தேங்கும் பள்ளத்தில் நட்டால் அழுகிவிடும். வளர்ந்தபின் கைக்கெட்டும் உயரத்தில் தறித்துவிட்டாற் பக்கக் கிளைகளில் இளந்தளிர் நிறையக் கிடைக்கும். மாரிகாலத்தில் மயிர்க்கொட்டிகள் அடிமரத்திற் கூட்டமாக ஒட்டியிருக்கும்போது சூள் பிடித்து எரித்துவிடலாம். அவற்றின் மயிர் பட்டு எழுந் தடிப்புக்கும் அன்று உண்ட கறிக்கும் யாதொரு தொடர்புமில்லை.