எஞ்சினுக்கு மூச்சளிக்கும் கைகள்

இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை வழியாகப் பலாங்கொடைக்கு ஏறிச் செல்லும் நெடுவீதியில் இன்றும் சில வேளைகளில் பழைய மொரிஸ் மைனர் கார் ஒன்றைக் காணலாம். கூன் விழுந்த மூதாட்டி கோயிற் படியேறுவதுபோல அது மெல்ல மெல்ல மேட்டில் ஏறும். ஆயினும் செவிகொடுத்துக் கேட்போமாயின், அதன் எஞ்சினின் ஒலியில் தளர்ச்சி இராது. சீரான மூச்சொன்றே கேட்கும். அறுபது ஆண்டுகளைக் கடந்த எஞ்சின் இவ்வாறு மூச்சு விடுகின்றதெனில், அப்பெருமை முழுவதும் அதனை வார்த்தெடுத்த ஆங்கிலத் தொழிற்சாலையைச் சேர்ந்ததன்று. வீதியோரத்துக் கராஜ் ஒன்றில், எண்ணெய் படிந்த சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தகரத்தையும் அலுமினியத்தையும் வளைத்தும் அராவியும் புதிய மூச்சுக்குழல் செய்து கொடுத்த கைகளுக்கும் அதிற் பங்குண்டு. அந்தக் கைகளைப் பற்றியும், அவை செய்யும் அரிய வேலையைப் பற்றியும் சிறிது கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றை உண்ணும் இயந்திரம்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் பெற்றோலின் விலையைப் பற்றிப் பேசுவர். காற்றைப் பற்றி எவரும் பேசுவதில்லை. காற்றுக்கு விலையில்லை அல்லவா? ஆனால் ஒரு லீட்டர் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ ஒன்பதாயிரம் லீட்டர் காற்று வேண்டும். நிறுத்துப் பார்த்தால், ஒரு பங்கு பெற்றோலுக்குப் பதினைந்து பங்கு காற்று. மைனர் கார்களுட் பிந்தியவற்றின் எஞ்சின் 1098 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. அது நிமிடத்துக்கு மூவாயிரம் முறை சுழன்று முழு வலிமையுடன் உழைக்கையில் 1600 லீட்டர் வரை காற்றை உள்ளிழுக்கும். அமைதியாக அமர்ந்திருக்கும் மனிதன் நிமிடத்துக்கு இழுப்பது ஆறு முதல் எட்டு லீட்டர்தான். எனவே இருநூறு பேர் ஒருங்கே கூடி விடும் மூச்சை அந்தச் சிறிய எஞ்சின் தனித்து விடுகின்றது எனலாம்.

நம் யோகியர் மூச்சைப் பூரகம், கும்பகம், இரேசகம் என வகுத்தனர். இழுத்தல், நிறுத்தல், விடுதல் என்பன அவை. நான்கு வீச்சு எஞ்சினின் தொழிலும் ஏறக்குறைய அதுவே. பிஸ்டன் கீழிறங்கி இழுக்கின்றது, மேலேறி அழுத்துகின்றது, தீப்பொறி பட்டு வெடித்துத் தள்ளுகின்றது, பின்னர்ப் புகையை வெளியேற்றுகின்றது. முதல் வீச்சிலே கோளாறு நேர்ந்தால் மற்ற மூன்றும் கெடும். அந்த முதல் வீச்சுக்கு வழியமைத்துக் கொடுப்பவை எயார் கிளீனர், காபரேட்டர், தொழிலாளர் 'மெனிபோல்ட்' என வழங்கும் உள்ளிழுப்புக் குழல் என்னும் மூன்றுமாகும்.

மைனரின் பிறப்பு

மொரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை வகுத்தவர் ஸ்மேர்னா நகரிற் பிறந்த அலெக் இசிகோனிஸ். 1970களின் தொடக்கம் வரை பதினாறு இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. 1952இல் அதற்கு 803 கன சென்ரிமீற்றர் கொண்ட 'ஏ' வகை எஞ்சின் கிடைத்தது; 1956இல் அது 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் வளர்ந்தது.

இந்த எஞ்சினின் மூச்சமைப்பு விசித்திரமானது. சிலிண்டர்கள் நான்கு, காற்றுப் புகும் வாயில்களோ இரண்டே. முதலாம் இரண்டாம் சிலிண்டர்களுக்கு ஒரு வாயில், மூன்றாம் நான்காம் சிலிண்டர்களுக்கு மற்றொன்று. ஒரே வீட்டில் இரு குடும்பங்கள் ஒரு வாசலால் நடமாடுவதை ஒத்தது இது. அன்றியும், புகை வெளியேறும் குழலும் காற்றுப் புகும் குழலும் ஒரே பக்கத்தில் நெருங்கி நிற்கின்றன. தணல் போன்ற புகைக்குழலின் மேலே காபரேட்டர் அமர்ந்திருப்பதால் பெற்றோல் கொதித்து ஆவியாகிவிடும் ஆபத்தும் உண்டு.

அந்தக் காபரேட்டரின் வரலாறும் சுவையானது. 'எஸ். யு.' என்பது ஸ்கின்னர் யூனியன் என்னும் பெயரின் சுருக்கம். ஸ்கின்னர் சகோதரர்களின் குடும்பத் தொழில் பாதணி வாணிகம். எனவே அவர்கள் தாம் அமைத்த முதற் காபரேட்டரில் தோலாலான துருத்தி ஒன்றை வைத்தனர். பின்னரே அதன் இடத்தை உலோகப் பிஸ்டன் பெற்றது. நம் கொல்லன் உலையில் ஊதிய துருத்தியின் உறவொன்று மோட்டார் எஞ்சினுள்ளும் புகுந்திருந்தது என்பது வியப்பன்றோ?

ஏன் கையாற் செய்ய வேண்டும்?

அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களில் இலங்கையின் இறக்குமதிகள் இறுகின. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை புதிய வண்டியும் உதிரிப்பாகமும் அரும்பொருளாயின. இல்லாததைச் செய்துகொள்ளும் பழக்கம் அக்காலத்தில் வேரூன்றியது. அப்பழக்கத்தின் பெருமைக்கு ஒரு சான்று உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர், அந்தக் காருக்கான பாகங்களை 1990களில் இலங்கையிற் செய்வித்துத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். தாய்நாட்டில் மறைந்த தொழில் வளர்ப்பு வீட்டில் வாழ்ந்திருந்தது! 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கத்திலேயே தனியார் வண்டிகளுக்குக் கதவு திறந்தது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளிலும் பழைய கார்களே பலரைக் காத்தன.

பிஸ்டனும் வால்வும் அஞ்சலில் வரவழைக்கக்கூடியவை. மூச்சமைப்பின் பாகங்களோ இடத்துக்கு ஏற்றவாறு அமைய வேண்டியவை. அசற் காபரேட்டர் தேய்ந்து வேறொன்றைப் பொருத்த நேர்ந்தால், இரண்டையும் இணைக்கும் தட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது. மேலும், சப்ரகமுவ எஞ்சின்களுக்கு இலகுவான பூமியன்று. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. தகர எயார் கிளீனர் துருப்பிடித்து இற்றுப்போகின்றது. மழை விட்டாலோ றப்பர்த் தோட்டத்து மண்பாதையில் தூசி எழுகின்றது. அத்தூசியிலுள்ள மணற்றுகள் சிலிண்டர் சுவரை அரத்தைப்போல் அராவும். தாழ்ந்து கிடக்கும் இரத்தினபுரியிலிருந்து 1400 மீற்றர் உயரமான அப்புத்தளைக்கு ஏறினால் காற்றின் அடர்த்தி எட்டில் ஒரு பங்களவு குறைந்துவிடுகின்றது. காற்றுக் குறைந்த அளவுக்கு வலிமையும் குறையும்.

தேயிலைத் தொழிற்சாலை என்னும் பள்ளி

இவ்வேலையைத் தோட்டப்புறத்து மனிதர் எங்கே கற்றனர்? தேயிலைத் தொழிற்சாலையை உற்று நோக்கினால் விடை கிடைக்கும். தேயிலைத் தொழிலே காற்றை ஆளும் தொழில். கொழுந்தை வாட்டுவதற்குக் காற்று, உலர்த்துவதற்கு வெங்காற்று. பெல்பாஸ்ட் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன் ஆக்கிய 'சிரொக்கோ' உலர்த்தி உலகத் தேயிலை நாடுகளெங்கும் சென்றது. அதன் பெயரே பாலைவனக் காற்றொன்றின் பெயர்தான். விசிறியிலிருந்து செல்லும் தகரக் குழாய் சட்டென்று முறிந்து திரும்பினாற் காற்றுத் தடைப்படும். ஓரிடத்தில் ஓட்டை விழுந்தாற் கொழுந்து சீராக வாடாது. அவ்வோட்டையை அடைப்பவனும் அவ்வளைவைத் திருத்துபவனும் தொழிற்சாலையின் பிட்டரும் தகர வேலைக்காரனுமே. காற்று கூர்மையான முடுக்கை வெறுக்கும், மென்மையான வளைவை விரும்பும் என்னும் பாடத்தை அவர்கள் நூலிற் கற்கவில்லை, கையாற் கற்றனர். துரையின் கார் பழுதுபட்டு நின்றபோது அதே கை அங்கும் உதவிற்று.

செய்யும் முறை

முதலில் அட்டையில் வடிவம் வெட்டுவர். பொனட்டின் உட்புறத்துக்கும் எஞ்சினுக்கும் இடையே எவ்வளவு இடமுண்டு, எந்தத் திருகாணிக்கு எங்கே சாவி நுழைய வேண்டும் என்பனவெல்லாம் அந்த அட்டையிலேயே தீர்மானமாகும். பின்னர் அவ்வடிவைத் தகரத்தில் வரைந்து, வெட்டி, ஓரம் மடித்து எயார் கிளீனர் பெட்டியைச் செய்வர். பெட்டியின் வாய் எஞ்சினின் அனலைப் பார்த்திருத்தலாகாது. முப்பது பாகை கூடிய வெப்பக் காற்று ஏறத்தாழப் பத்திலொரு பங்கு அடர்த்தி குறைந்தது. ஆதலின் குளிர்ந்த காற்று வரும் முன்புறத்திலிருந்து தனிக் குழாய் ஒன்று கொண்டுவருவர்.

இரும்புக் குழாயை வளைப்பதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. குழாயினுள் மணலை இறுகத் திணித்து, இரு வாயையும் அடைத்து, பழுக்கக் காய்ச்சி வளைப்பர். உள்ளிருக்கும் மணல் குழாயை நசுங்கவிடாது. அம்மணல் நன்றாக உலர்ந்திருத்தல் வேண்டும். ஈரமிருந்தால் நீராவி திரண்டு அடைப்பைத் துப்பாக்கிக் குண்டுபோல் எறியும்.

மெனிபோல்ட்டை வார்ப்பதாயின் வேலை இன்னும் நுட்பமானது. மரத்தில் மாதிரி கடைந்து, மணலிற் பதித்து, அலுமினியத்தை உருக்கி ஊற்ற வேண்டும். ஆறும்போது அலுமினியம் நூற்றுக்கு ஒன்றேகால் பங்களவு சுருங்கும். மாதிரியை அவ்வளவு பெரிதாகச் செய்யாவிடில் துளைகள் பொருந்தா. உள்ளே காற்று செல்லும் வெறுமைக்காகச் சர்க்கரைப்பாகு கலந்து பிசைந்த மணற்கருவொன்றைச் சுட்டு வைப்பர். உருக்குவதற்குப் பழைய பிஸ்டன்களே சிறந்தன. அவற்றிற் கலந்துள்ள சிலிக்கன் உலோகத்தை நீர்போல் ஓடச் செய்யும்.

எல்லாவற்றினும் பெரிய சோதனை விளிம்புத் தட்டின் சமதளம். தடித்த கண்ணாடியின் மேல் எமரித்தாளை விரித்து, தட்டை எட்டு வடிவிற் பொறுமையாகத் தேய்ப்பர். மயிரிழை இடைவெளி இருந்தாலும் அவ்வழியே களவுக் காற்று நுழையும். பெற்றோலின் அளவு மாறாமற் காற்று மட்டும் கூடினால் வெப்பம் மிகுந்து வால்வு கருகும். இறுதியில் உட்புறம் முழுவதையும் விரலால் தடவிப் பார்ப்பர். வெல்டிங் பொறி ஒன்று உள்ளே ஒட்டியிருந்து பின்னர் உதிர்ந்தால், அது நேரே சிலிண்டருக்குள் விழும். அதனால் அறிந்த தொழிலாளி எயார் கிளீனருக்கு அப்பால் ஓர் ஆணியையும் அடிக்கமாட்டான்.

பொருத்திய பின்னர்ப் பரீட்சை. காபரேட்டரின் பிஸ்டனை விரலால் நூலளவு உயர்த்துவர். எஞ்சினின் வேகம் ஏறி அப்படியே நின்றாற் பெற்றோல் மிகுதி. நின்றுபோனாற் பெற்றோல் குறைவு. கணம் ஏறித் தணிந்தாற் சரி. சில மைல் ஓட்டிப் பிளக்கைக் கழற்றினால் அது மங்கிய கபில நிறமாயிருத்தல் வேண்டும். கரி படிந்தாலும் வெளிறினாலும் மீண்டும் வேலைதான்.

வெள்ளத்தின் பாடம்

மூச்சுக்குழலின் வாயை எங்கே வைப்பது என்பதும் சிறிய கேள்வியன்று. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களு கங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்ததை நாம் மறத்தல் இயலாது. குளிர்காற்றை விரும்பிக் குழாயின் வாயைத் தாழ வைத்தால், வெள்ளம் கடக்கையில் அது காற்றுக்குப் பதிலாக நீரை இழுக்கும். காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. மேலேறும் பிஸ்டன் நீரில் மோத, கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். ஒரு கணத்தில் எஞ்சின் பாழாகும். ஊரின் வெள்ளத்தை அறிந்தவனே ஊரின் காருக்கு மூச்சுக்குழல் வைக்கத் தகுந்தவன்.

மறையும் அறிவு

இத்துணை நுட்பமான அறிவுக்கு எழுதப்பட்ட ஏடு எங்கே? இல்லை என்பதே வருந்தத்தக்க விடை. அது ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் சென்றது. கை ஓய்ந்தபோது அறிவும் ஓய்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. கப்பலேறியோருள் கொழுந்து பறித்த விரல்கள் மட்டுமா இருந்திருக்கும்? உலையூதிய கைகளும் தகரம் மடித்த கைகளும் இருந்திருக்கும் அன்றோ? எஞ்சி நின்றோரும் பேரேட்டிலே கூலியாட்களாகவே பதியப்பட்டனர். பொறியியலாளன் செய்யும் வேலையைச் செய்தவனுக்குத் தொழிலாளன் என்னும் பெயர்கூட முழுமையாகக் கிட்டவில்லை.

இன்று ஒரு வழியுண்டு. தேசிய தொழிற்தகைமை முறையின் கீழ், பாடசாலையிற் பயிலாது வேலைத்தலத்திற் பயின்றவரும் தம் திறமையைச் செய்து காட்டிச் சான்றிதழ் பெறலாம். நம் கராஜ்களில் முதுமையெய்தும் பாஸ்மார் இதனை நாடுதல் வேண்டும். அவர்தம் மக்கள் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து உதவுதல் வேண்டும். சான்றிதழ் ஒரு தாள்தானே என்பார் சிலர். அந்தத் தாள் இல்லாமையாலேயே ஒரு தலைமுறையின் அறிவு கூலியின் கணக்கில் எழுதப்பட்டது என்பதை அவர்கள் சிந்திப்பார்களாக.

மற்றொரு சிறு வேண்டுகோளும் உண்டு. வேலை முடிந்ததும் அந்த அட்டை வடிவத்தை அடுப்பிலே போடாதீர்கள். எந்தக் காருக்கு, எந்த எஞ்சினுக்கு, எந்தத் திகதியிற் செய்யப்பட்டது என எழுதி, செய்தவர் பெயரையும் அதன் கீழே எழுதிச் சுவரில் மாட்டிவையுங்கள். பலாங்கொடை ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஏறிச் செல்லும் அந்தப் பழைய காருக்கு மூச்சளித்தவர் யார் என்பதைப் பிற்காலத்துப் பிள்ளை ஒன்று அந்த அட்டையைப் பார்த்தாவது அறிந்துகொள்ளட்டும்.