பெரிய திரையும் சிறு புள்ளியும்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்து இளைப்பாறிய ஆசிரியன் நான். எழுத்துப் பிழை கண்டால் மாணாக்கரின் கொப்பியிற் சிவப்பு மையால் வட்டமிடுவது என் நெடுநாள் வழக்கம். அத்தகைய நானே அண்மையில் ஒரு பிழையை நான்கு முறை படித்தும் காணாது விட்டேன். அந்தக் கதையை ஒளிக்காமற் சொல்லிவிடுவதே நன்று.

நான் முன்பு கற்பித்த பாடசாலையின் ஆண்டு நிறைவு மலரை ஒப்புநோக்கும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டுரைகள் யாவும் மின்னஞ்சல் வழியே வந்து சேர்ந்தன. 15.6 அங்குல மடிக்கணினியிற் குனிந்து படித்துக் கழுத்து நோவெடுக்கவே, ஓய்வூதியத்தில் மிச்சம்பிடித்த பணத்தைக் கொண்டு 27 அங்குலத் திரையொன்றை வாங்கினேன். மேசைமேல் அது நிமிர்ந்து நின்ற கோலத்தைக் கண்டு வீட்டார் வியந்தனர். இனி எழுத்துக்கள் பளிங்குபோலத் தெரியும் என்று நானும் மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சி அன்று மாலை வரையே நிலைத்தது. எழுத்துக்கள் பெரியனவாய் இருந்தனவேயன்றித் தெளிவாய் இருக்கவில்லை. அவற்றின் விளிம்புகள் ஈரத் தாளிற் பட்ட மைபோலக் கசிந்திருந்தன. ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சற்றுத் தாழ அமர்ந்து நோக்கினால் திரை முழுவதுமே கருகிற்று. முதுமையினாற் பார்வை மங்கத் தொடங்கிற்று என்றே எண்ணினேன். படிப்பதையே வாழ்வாகக் கொண்ட ஒருவனுக்கு அவ்வெண்ணம் எத்துணைத் துயரந் தருமென்று வாசகர்க்குச் சொல்லவேண்டுவதில்லை. ஒருவருக்கும் உரையாது கண் வைத்தியரிடஞ் சென்றேன். மூக்குக்கண்ணாடியை மாற்றவேண்டிய தேவை கூட இல்லை என்று அவர் கூறியனுப்பினார். எனினும் ஐயந் தீரவில்லை.

சில நாட்களில் அச்சகத்திலிருந்து அச்சுப்படி வந்தது. பல்கலைக்கழகத்திற் பயிலும் என் பெயர்த்தி அதைப் புரட்டிக்கொண்டிருந்தவள் திடீரென நாணிச் சிரித்தாள்.

“அம்மப்பா, அதிபற்றை வாழ்த்துச் செய்தியை ஒருக்காப் பாருங்கோ.”

பார்த்தேன். பாடசாலையின் உயிர்மூச்சு கல்வியே என்று அதிபர் எழுத எண்ணியிருந்தார். தட்டச்சில் லகரத்தின் தலையிலிருந்த புள்ளி விடுபட்டுப் போயிற்று. கல்வி, கலவியாகிக் கிடந்தது! அச்சொல்லின் பொருளைத் தமிழாசிரியர்க்கு நான் விளக்கவேண்டியதில்லை. பெரிய திரையில் அதே வரியை நான்கு முறை படித்தவன் நான். அங்கே எல்லாப் புள்ளிகளும் ஒரு மங்கற் கறையாகவே தெரிந்தமையால், இல்லாத புள்ளியையும் என் மனமே இட்டு நிரப்பிக்கொண்டது.

பெயர்த்தி அடிமட்டத்தை எடுத்து வந்து திரையை அளந்தாள். கணினித் திரையின் காட்சி, பிக்சல் எனப்படும் நுண்கட்டங்களால் ஆயது. என் பழைய சிறுதிரையிற் குறுக்கே 1920, நெடுக்கே 1080 ஆக 2,073,600 கட்டங்கள் உள. புதிய திரையிலும் அதே தொகைதான்! சிறு வயலில் விதைத்த நெல்லைப் பெருவயலில் தூவியதுபோல, அவை அகன்று கிடக்கின்றன. பழையதில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 141 கட்டங்கள். புதியதில் 82 மட்டுமே. அச்சுப் பக்கத்தை அதன் உண்மையளவிற் காட்டும்போது, 12 பொயின்ற் எழுத்துக்கு உயரத்தில் 14 கட்டங்கள்கூடக் கிடைப்பதில்லை. அதன் தலைப்புள்ளிக்கு ஒன்றோ இரண்டோ எஞ்சும். அங்குலத்துக்கு 600 துளிகள் இடும் அச்சுப்பொறியோ அதே எழுத்துக்கு 100 துளிகளை வழங்குகின்றது. தாளிற் கண்ட பிழை திரையில் தெரியாத காரணம் இதுவே. 27 அங்குலத்துக்கு 2560 × 1440 கட்டங்களேனும் உள்ள திரையை நாடியிருத்தல் வேண்டும். அதில் அங்குலத்துக்கு 109 அமையும்.

“உங்கடை கண்ணிலை ஒரு பிழையும் இல்லை, அம்மப்பா” என்றாள் அவள். திரைக்குக் கொடுத்த பணம் அத்தனையும் அவ்வொரு வார்த்தையில் மீண்டது போலிருந்தது.

கடைக்காரரிடஞ் சென்று முறையிட்டேன். பழுதில்லாத பொருளை எவ்வாறு மாற்றுவது என்று அவர் வினவினார். அவர் கேட்டது நியாயமே. அங்குலத்தைக் கேட்டு வாங்கியவன் நான். கட்டங்களின் தொகையைக் கேட்கவில்லை. பக்கங்களை எண்ணிக் கட்டுரைக்குப் புள்ளி வழங்கும் ஆசிரியனின் செயலை ஒத்தது என் செயல்.

அன்றிரவு ஏட்டுச் சுவடிகளை நினைந்தேன். ஓலை பொத்துவிடும் என்றஞ்சி, எழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாது விடுவர் என்பர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்றியபோது, அத்தகைய ஏடுகளோடு மன்றாடியே ஒவ்வொரு சொல்லையுந் துணிந்திருப்பார். ஏட்டிற் புள்ளி இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலின் ஐயுற்று ஆராய்ந்தார். நானோ திரையில் எல்லாம் இருக்கின்றதென்று நம்பினேன், ஆதலின் ஏமாந்தேன்.

மலர் அச்சேறுமுன் பிழை திருத்தப்பட்டது. இப்பொழுது அப்பெருந்திரையிற் பக்கத்தை இருமடங்காக்கியே படிக்கின்றேன். இறுதிப் பார்வைக்குத் தாளையன்றி வேறொன்றையும் நம்புவதில்லை. ஒப்புநோக்கும் பணியில் ஈடுபட்ட இளைஞர்க்கும் அதையே சொல்லி வருகின்றேன்.