ஆமைக் குஞ்சு மட்டும்தான் செய்தியா?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் செங்கற்பட்டுக் குழந்தைகளுக்குச் செய்தியில் இருக்கும் சிரத்தையை வேறெங்கும் பார்க்க முடியாது. காலையில் எழுந்து பல்கூடத் தேய்க்காமல் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்றதும் முகம் மலர்கிறது. திரையின் அடியில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் என்று ஊர்கள் வரிசையாக ஓடும்போது மூச்சுக்கூட விடுவதில்லை. 'செங்கல்பட்டு' என்று வந்ததோ இல்லையோ, வீடு அதிரும்படி ஒரு கூச்சல்! மந்திரிகள் பெயர் தெரியாத குழந்தைக்கும் கலெக்டர் பெயர் மனப்பாடம். விடுமுறை விடுகிற கையல்லவா?

அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் கார்ட்டூனுக்குத் தாவியாகிவிட்டது. தாழ்வு நிலை எப்படி உண்டாகிறது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர்ப் பக்கத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏன் புகுந்தது என்பதெல்லாம் பெரியவர்கள் சமாசாரம் என்று விட்டுவிடுகிறோம்.

குழந்தைகளுக்கான டெலிவிஷன் செய்தி மிகவும் இலேசாகிவிட்டது என்ற குறை மேல்நாடுகளில் வெகுநாளாக இருந்து வருகிறது. இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் 1972 ஏப்ரலில் 'நியூஸ்ரவுண்ட்' என்று ஒன்றைத் தொடங்கிற்று. ஜான் கிரேவன் என்பவர் சாயங்காலம் பள்ளிவிட்டு வந்த குழந்தைகளுக்குச் சில நிமிஷங்கள் உலகச் செய்தி சொல்வார். 1986 ஜனவரி 28-ம் தேதி அமெரிக்காவின் 'சாலஞ்சர்' விண்கலம் வெடித்து, ஒரு பள்ளி ஆசிரியை உள்பட ஏழு பேர் மாண்டார்கள். பிரிட்டிஷ் டெலிவிஷனில் அந்தத் துயரச் செய்தியை முதலில் சொன்னது பெரியவர்களின் செய்தி அறிக்கை அல்ல. இந்தக் குழந்தைகள் நிகழ்ச்சிதான்! குழந்தை தாங்குமா, தாங்காதா என்று அவர்கள் பட்டிமண்டபம் நடத்தவில்லை. நிதானமாகச் சொன்னார்கள்.

அந்த நிகழ்ச்சியே பிற்பாடு பாடகர்களும் செல்லப் பிராணிகளுமாக நிறைந்துவிட்டது என்று அங்கே முணுமுணுப்பு உண்டு. 2020-ல் அதன் நேரம் வருஷத்துக்கு 85 மணியிலிருந்து 35 மணியாகக் குறைய அனுமதி கிடைத்தது. சாயங்கால அறிக்கையும் நின்றது. குழந்தைகள் எல்லாம் இன்டர்நெட்டுக்குப் போய்விட்டார்களாம்.

சரி, நம்முடைய கதை என்ன? அவர்களுக்காவது இலேசாகிப்போக ஒன்று இருந்தது. தமிழில் 2007-ல் குழந்தைகளுக்கென்றே சுட்டி டி.வி. வந்தது. 2019 ஆகஸ்டில் அரசாங்கத்தின் கல்வித் தொலைக்காட்சி வந்தது. கொரோனா காலத்தில் பாடம் நடத்திப் புண்ணியம் கட்டிக்கொண்டது. பாட்டு இருக்கிறது, பொம்மைப் படம் இருக்கிறது, பாடம் இருக்கிறது. இங்கிலாந்தில் போல், 'இது நம்முடைய செய்தி நேரம்' என்று குழந்தைகள் பல்லாண்டுகளாக தினமும் காத்திருக்கும்படி நிலைத்த நிகழ்ச்சி ஒன்று நமக்கு வாய்க்கவில்லை. பொதுச் செய்தியில் குழந்தைகள் வராமல் இல்லை. மூன்று வயதுக் குழந்தை திருக்குறள் ஒப்பித்துச் சாதனை என்று வரும்; மாலை போட்ட கலெக்டரும் கூட நிற்பார். அது குழந்தையைப் பற்றிய செய்தி. பார்த்து மகிழ்கிறவர்கள் நாம்.

வேட்டி கட்டிய குதிரை

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 2022 ஜூலை, ஆகஸ்டில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. வேட்டி சட்டையுடன் கும்பிட்டு நின்ற 'தம்பி' என்ற குதிரையை இந்தக் கடற்கரைக் குழந்தைகளில் அறியாதவர் இல்லை. சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் வரைந்தது, 180-க்கு மேற்பட்ட நாட்டுக்காரர்கள் வந்தது, பாலஸ்தீனத்திலிருந்து எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஆட வந்தது எல்லாம் கண்ணுக்கு விருந்தாகக் காட்டினார்கள். நல்லதுதான். குதிரையை யார் வேண்டாம் என்றார்கள்?

ஆனால், "இவ்வளவு பெரிய பந்தயம் நம்ம ஊருக்கு ஏன் வந்தது?" என்று உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். அது மாஸ்கோவில் நடப்பதாக இருந்தது. 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரேனுக்குள் படையெடுத்ததால் அங்கிருந்து மாற்றினார்கள். மார்ச் மாதத்தில் அது சென்னைக்கு வந்து சேர்ந்தது. முடிவில் பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கியது எந்த நாடு தெரியுமா? அதே உக்ரேன்! ஊரில் குண்டு விழுந்துகொண்டிருக்க, மாமல்லபுரத்தில் காய் நகர்த்தி ஜயித்தார்கள் அந்தப் பெண்கள். நம் பெண்கள் அணிக்கு வெண்கலம் கிடைத்தது.

இந்தக் கதையைப் பத்து வயதுக் குழந்தைக்குச் சொன்னால் கனமாக இருக்குமா? அது வாய் பிளந்து கேட்கும் என்பதே நம் அபிப்பிராயம். குதிரை இலேசு, படையெடுப்பு கனம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் செய்தி முழுசாகும். சொல்கிற விதம் இலேசாக இருப்பதில் ஒரு பிசகும் இல்லை. சொல்ல வேண்டிய விஷயத்திலேயே பாதியை உருவி எடுத்துவிடுவதுதான் நமக்குச் சம்மதமில்லை.

பங்குனி ஆமை

இந்தக் கரையின் இன்னொரு செய்தி, வருஷா வருஷம் வருவது. பங்குனி ஆமை என்று நம் மீனவர்கள் அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். தை மாதத்திலிருந்தே இரவில் கரையேறி, மணலைத் தோண்டி, சுமார் நூறு முட்டை இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர்கள் குழுவாக இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்துக் காத்து வருகிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்கள் வைத்திருக்கிறது. ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகள் வெளிவந்ததும், கூடையிலிருந்து மணலில் விடுவார்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத அந்த ஜீவன்கள் தத்தித் தத்திக் கடலுக்குப் போவதைக் காமிராக்காரர்கள் விடமாட்டார்கள். குழந்தைகள் கைதட்டுவார்கள். இனிமையான காட்சிதான்.

2025 ஜனவரியில் அதே ஆமைகள் வேறு விதமாகக் கரை சேர்ந்தன. தமிழ்நாட்டுக் கரையில், முக்கியமாகச் சென்னை, செங்கற்பட்டுக் கரைகளில், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. பெரியவர்களின் செய்தியில் அது வந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த குழந்தையும் பார்த்தது.

"அம்மா, அது ஏன் செத்துப் போச்சு?"

"உனக்கு எதுக்கு அதெல்லாம்? போய் ஹோம்வொர்க்கை முடி."

எத்தனை வீடுகளில் இந்தச் சம்பாஷணை நடந்திருக்கும்! அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது வேறு என்ன பதில் வரும், பாவம்.

பதில் ஒன்றும் பிரமாதமான கஷ்டம் இல்லை. ஆமை கடலில் வாழ்ந்தாலும், மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகுகள் மணிக்கணக்காக இழுத்துப் போகும் வலையில் அகப்பட்டால் மேலே வர முடியாமல் மூச்சுத் திணறிச் சாகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகுகள் இழுவை வலை போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆமை மட்டும் வெளியேறும்படி வழி வைத்த வலையும் உண்டு. கரையோரம் மீன் கிடைக்கிறது, டீசலும் மிச்சம் என்றால் சட்டத்தை மீறும் ஆசை வருகிறது. சின்ன ஃபைபர் படகில் போகிற மீனவருக்கும் அதனால் நஷ்டம்தான். அந்த வலையில் வருகிற இறாலை யார் வாங்குகிறார்கள்? ஹி... ஹி... நாம்தான்.

குஞ்சு விடுகிற காட்சியை மட்டும் பார்த்து வளர்ந்த குழந்தை, கைதட்டினால் ஆமை பிழைத்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறது. விசைப்படகு வைத்திருப்பவர் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கிறது என்பது அதற்குத் தெரிய வழியே இல்லை.

"பயந்துவிடாதா, ஸார்?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கொலை, கற்பழிப்பு விவரங்களையெல்லாம் குழந்தைக்கு விஸ்தரிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. செத்த ஆமையின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டவும் வேண்டாம். ஆனால் குழந்தை கேள்வி கேட்டுவிட்டது என்றால், அது ஏற்கெனவே பார்த்துவிட்டது. தாத்தாவின் செல்போனில் உங்களுக்கு முன்னால்கூடப் பார்த்திருக்கும். காரணம் தெரியாத காட்சிதான் ராத்திரி கனவில் வருகிறது.

ஓடத் தெரிந்த சிறுமி

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கிற்று. அதுவரை தண்ணீருக்குள் கிடந்த பாறைகள் வரிசையாகத் தெரிந்தன. இந்தக் கரை நெடுகிலும் அநேகருக்கு அது வேடிக்கை. கடல் பின்வாங்கினால் திரும்பி ஓட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிறகு அலை வந்தது. கல்பாக்கத்தில் குடியிருப்புக்குள்ளேயே புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று.

அன்று காலை தாய்லாந்தின் பூக்கெட் தீவிலும் கடல் தண்ணீர் விபரீதமாக நுரைத்தது. அங்கே பெற்றோருடன் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி, இரண்டு வாரம் முன்னால்தான் பூகோள வகுப்பில் சுனாமியைப் பற்றிக் கேட்டிருந்தாள். அழுது, கத்தி, பெற்றோரை நம்ப வைத்தாள். அந்தக் கடற்கரையில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். சுமார் நூறு பேர் தப்பினார்கள். 'குழந்தைக்கு எதற்குப் பயங்கரமான விஷயம்?' என்று அவளுடைய வாத்தியார் நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வாத்தியாரும் காமிராவும் கல்வித் தொலைக்காட்சியில் ஏற்கெனவே தயார். தினம் பத்து நிமிஷம் போதும். இரண்டு செய்தி சொல்லட்டும். இரண்டுக்கும் ஏன் என்று சொல்லட்டும். கடைசியில் ஆசைக்கு ஓர் ஆமைக் குஞ்சையும் விடட்டும். நேரம்தான் கொஞ்சம் பார்த்து வைக்க வேண்டும். ஆறு மணிக்கு டியூஷன். ஏழு மணிக்கு மேல் ஸீரியல், ரிமோட் பாட்டி கையில். ஐந்தரைக்கு, பஜ்ஜித் தட்டோடு உட்காரும் நேரத்தில் வைத்தால், அம்மாவும் கேட்டுவிடலாம்.