எங்கள் வீட்டுத் தேர்கள்

'கார்' என்னும் சொல் தமிழில் பல பொருள் தருவது. கருமை அதன் முதற்பொருள். கருமையினால் மேகத்திற்கும், மேகத்தினால் மழைப் பருவத்திற்கும், பருவத்தினால் அக்காலத்து விளையும் நெல்லுக்கும் அப்பெயர் சென்றது. ஆவணியும் புரட்டாதியும் கார்காலம் என்பது நூலோர் வகுத்த வழக்கு. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய கார் நாற்பது முழுவதும் அப்பருவத்தையே பாடுகின்றது. இத்துணைப் பழைமை வாய்ந்த சொல்லின் பக்கத்திலே, மேல்நாட்டிலிருந்து வந்த சொல்லொன்று அதே உருவத்தோடு அமர்ந்துகொண்டது. 'மகிழுந்து' என்றும் 'சீருந்து' என்றும் அறிஞர் ஆக்கித் தந்த பெயர்கள் ஏட்டிலே நிற்க, மக்கள் நாவிலே 'கார்' நிலைத்துவிட்டது. ராகலையில் வாழ்வோர்க்கு இதிற் புதுமை இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு முகில் மலையிறங்கி வீதியை மூடும்போது, இரண்டு காரும் ஒரே வளைவில் எதிரெதிரே சந்திப்பதை நாங்கள் நாள்தோறும் காண்கின்றோம்.

கார் நாற்பதைக் கற்பிக்கும்பொழுது, "கார் வந்தது, தலைவன் வரவில்லை" என்று நான் பொருள் சொன்னால், வகுப்பின் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பொலி எழும். அச்சிரிப்பை நான் தடுப்பதில்லை. சிந்தித்துப் பார்த்தால் முல்லைத் திணையின் உயிரே ஊர்தியிலன்றோ இருக்கின்றது! வினைமுடித்து மீளும் தலைவன் தன் பாகனை நோக்கித் தேரை விரைந்து செலுத்துக என்கின்றான். அத்தேரின் பெருமை அதன் மரத்தினாலும் மணியினாலும் வந்ததன்று. யாரை யாரிடம் கொண்டு சேர்க்கின்றது என்பதனால் வந்தது. எங்கள் வீட்டில் இருந்த மூன்று கார்களையும் நான் அந்த அளவுகோல் கொண்டே அளக்கின்றேன்.

எங்கள் ஊரின் பெயரை ஒரு காலத்தில் நாடறியச் செய்தது காரன்று, கோச்சி. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் வழியாக ராகலை வரை, இரண்டரை அடி அகலமுள்ள சிறு தண்டவாளப் பாதையொன்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இடப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 19 மைல். 'உடப்புசல்லாவைப் பாதை' என்று பெயர் பெற்றிருந்தும் அது உடப்புசல்லாவையை எட்டவில்லை, ராகலையோடு நின்றுவிட்டது. தேயிலைப் பெட்டிகளைக் கீழே கொண்டுசென்று அரிசி மூட்டைகளை மேலே கொண்டுவந்த அப்பாதை, லொறிக்கும் பஸ்ஸுக்கும் ஈடுகொடுக்க இயலாமல் 1940களில் மூடப்பட்டது. அன்று தொட்டு எங்களுக்கு வீதியே கதி.

ஆயினும் வீதி எல்லார்க்கும் உரியதாயிற்று என்று எண்ணுதல் வேண்டா. தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார். அதன் ஓசை தொலைவிற் கேட்டதும் பெரட்டுக்களத்தில் பேச்சு அடங்கும். வீதியில் நடப்போர் கானுக்குள் இறங்கி ஒதுங்கி நிற்பர். நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள மாகஸ்தோட்டையில் 1934 முதல் மலையேற்றக் கார்ப் போட்டி நடந்து வருகின்றது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைந்தேறும் வீதியில் ஏப்ரல் மாதந்தோறும் கார்கள் பாய்ந்து செல்ல, அச்செடிகளை வளர்த்தோர் கரையில் நின்று கைதட்டினர். காருக்கும் எங்களுக்கும் இருந்த உறவு நெடுங்காலம் அவ்வளவே.

இந்நிலையில், ராகலைக் கடைவீதியிற் சிறு புடைவைக் கடை வைத்திருந்த என் தந்தையார், நான் பிறப்பதற்கு முன்னரே பழைய மொரிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கியிருந்தார். சாம்பல் நிறம், முட்டை வடிவான முதுகு, நடுவே பிரித்த இருதுண்டு முன்கண்ணாடி, 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம். திரும்ப வேண்டுமானால் கதவுத் தூணிலிருந்து செம்மஞ்சட் கைகாட்டி ஒன்று வெளியே நீளும். பொம்மை தன் கையை நீட்டி வழிகேட்பது போலத் தோன்றும் அக்காட்சியைக் காணச் சிறுவர்களாகிய நாங்கள் வேண்டுமென்றே சந்தியில் நிற்போம்.

அக்காரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலறிஞர். பின்னாளில் 'மினி' காரையும் அவரே ஆக்கினார். மாதிரிக் கார் உருவான பின்னர் அது ஒடுங்கித் தோன்றுவதாகக் கருதி, அதனை நெடுக்கே இரண்டாகப் பிளந்து, நான்கு அங்குலம் இடைவைத்துப் பொருத்திப் பார்த்தாராம். பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். கந்தப்பளைத் தேர்த் திருவிழாவுக்கு எங்கள் வீட்டார் அறுவரும் அயல்வீட்டார் மூவரும் அதில் ஏறிச் சென்றதை நினைக்கும்போது, அப்பெரியவர் கூட்டிய நான்கு அங்குலத்துக்கு நன்றி கூறாதிருக்க முடியவில்லை.

எங்கள் கார் ஈ.என். என்ற ஆங்கில எழுத்துகளோடு பதிவானது. 1957 முதல் புதிதாகப் பதிவான ஊர்திகளுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இடப்பட்டதும், அதனை எதிர்த்துக் கிளர்ச்சி எழுந்ததும், தார்ச்சட்டியும் தூரிகையும் கொண்டு தகட்டிலும் பலகையிலும் ஒருவர் எழுத்தை மற்றவர் அழித்ததும், 1958 ஏப்ரலில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டதும் வரலாறு. ஓரெழுத்தொருமொழி என்று இலக்கணத்திற் படிக்கின்றோம். ஓர் எழுத்து இத்தனை செய்யும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. எங்கள் கார் அதற்கு முன்னரே பதிவாகியிருந்தமையால், "இது எந்த வழக்கிலும் சேராத கார்" என்று தந்தையார் நகைப்பார்.

அந்நகைப்பின் உள்ளே இருந்த துயரத்தை நான் வளர்ந்த பின்னரே உணர்ந்தேன். மொரிஸ் மைனர் உலகுக்கு அறிமுகமானது 1948ஆம் ஆண்டின் பிற்பகுதியில். அதே ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றோர் ஆக்கியது. தந்தையாரின் மரப்பெட்டியில் காருக்குரிய பதிவுப் புத்தகம் மஞ்சள் துணியிற் சுற்றப்பட்டு இருந்தது. இன்னார் செய்தது, இவ்வாண்டிற் பதிவானது, இன்னாருக்கு உரியது என்றெல்லாம் அதில் ஐயத்துக்கிடமின்றி எழுதப்பட்டிருந்தது. அப்பெட்டியைத் திறந்தால் அதன்கீழே கிடப்பது, தந்தையாரின் பிரஜாவுரிமை விண்ணப்பத்தை மறுத்து வந்த கடிதம். ஒக்ஸ்போர்ட்டுக்கு அண்மையிற் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்த இரும்புக்கு இந்நாட்டில் உரிமையுண்டு. ராகலையிற் பிறந்த மனிதனுக்கு இல்லை. இதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வரிப்பத்திரம் எடுத்து வந்ததும், அதனை ஒரு முறைக்கு இருமுறை உரக்க வாசித்த பின்னரே கண்ணாடியில் ஒட்டுவார்.

1964 ஒக்டோபர் 30ஆந் தேதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அதன்பின் எங்கள் மொரிஸின் வேலை மாறியது. சாமான்கள் லொறியிற் செல்ல, நடக்க மாட்டாத முதியோரையும் கைக்குழந்தைக்காரிகளையும் தந்தையார் நானுஓயா நிலையத்துக்கு ஏற்றிச் செல்வார். அங்கிருந்து அவர்கள் தலைமன்னாருக்குப் புறப்படுவர். அக்கோச்சிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. ஏறியவரும் ஏற்றிவிட வந்தவரும் எழுப்பிய அழுகையில் அதன் ஊதலொலி கேட்காது. ஒருமுறை நானும் உடன் சென்றேன். ஒரு மூதாட்டி காரிலிருந்து இறங்குமுன் அதன் ஆசனத்தைக் கையால் தடவி, "தம்பி, பத்திரமா வீடு போய்ச் சேருங்க" என்றார். போகின்றவர் இருக்கின்றவருக்குச் சொன்ன வாழ்த்து அது. இராமனைக் காட்டில் விட்டு வெறுந்தேரோடு மீண்ட சுமந்திரனைப் பற்றிக் கம்பராமாயணத்திற் படிக்கும்போதெல்லாம், கந்தப்பளை முகிலினூடே பின்னாசனம் வெறிதாகத் திரும்பிய அந்த மாலைதான் என் கண்முன் நிற்கும். தந்தையார் வழிநெடுகப் பேசவில்லை. 1984இல் கப்பற் போக்குவரவு நின்றபோது அப்பயணங்களும் நின்றன.

அதற்கு முந்திய ஆண்டு ஜூலையில் நுவரெலியா நகரிற் கடைகள் எரிந்தன. ராகலையிலும் அச்சம் பரவியது. சிங்கள நண்பராகிய கராஜ்காரர் ஒருவர் இரவோடிரவாக எங்கள் காரைத் தம் கொட்டகைக்குத் தள்ளிச் சென்று, சக்கரங்களைக் கழற்றி, பழைய இரும்பு போலத் தோன்றச் செய்து மறைத்து வைத்தார். மூன்று வாரங்களின் பின் சக்கரங்களைப் பூட்டிக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். கூலி வாங்க மறுத்துவிட்டார். 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தின் பயனாகத் தந்தையாரும் நாங்களும் இந்நாட்டுப் பிரஜைகளானோம். அதன் பின்னரே எனக்கு ஆசிரிய நியமனம் கிடைத்தது. தந்தையார் மறைந்தபின் தங்கையின் திருமணத்துக்காக மொரிஸை விற்றோம். வாங்கியவர் அந்தக் கராஜ்காரரே.

நான் என் ஊதியத்தில் வாங்கிய முதற் கார் 1960களிற் செய்யப்பட்ட ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். இத்தாலியரான பினின்பரீனாவின் கைவண்ணத்தில் அமைந்த, பின்புறத்தில் மீன்செதில் போல இருபுறமும் நிமிர்ந்த சிறகுகளை உடைய கார். இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த 1960களிலிருந்து 1977 வரை இந்நாட்டுக்கு வந்த கார்கள் மிகச் சில; ஆகவே ஏற்கெனவே இருந்தவற்றை எங்கள் கராஜ்காரர்கள் முதுமையே தீண்டாதபடி காத்தனர். என் காரில் பெற்றோல் இயந்திரம் கழற்றப்பட்டு யப்பானிய டீசல் இயந்திரம் பூட்டப்பட்டிருந்தது. உடல் ஆங்கிலம், உயிர் யப்பான், ஓட்டுபவர் தமிழர், பழுதுபார்ப்பவர் சிங்களவர். இத்துணை ஒற்றுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கேம்பிரிட்ஜிற் படித்தோர் பலர் உளர். கேம்பிரிட்ஜில் ஏறிப் படிக்கச் சென்றோர் எங்கள் மாணாக்கர். சாதாரண தரப் பரீட்சை அந்நாள்களில் நடைபெற்ற டிசம்பர், எங்கள் மலைகளில் மழையும் மண்சரிவும் மலிந்த காலம். தொலைத் தோட்டங்களின் பிள்ளைகள் விடியுமுன் லயங்களிலிருந்து இறங்கி வீதிக்கு வருவர்; நான் மூன்று நடையாக அவர்களைப் பரீட்சை மண்டபத்திற் சேர்ப்பேன். நனைந்த சப்பாத்துகளைக் காரின் இயந்திரச் சூட்டில் உலர்த்தியபடியே கணக்குச் சூத்திரம் ஒப்பித்த பிள்ளைகளுள் இருவர் இன்று ஆசிரியர்கள்.

இரவில் கதவு தட்டப்பட்டால் அது பெரும்பாலும் பேறுகாலம். கம்பளியை மூங்கிலிற் கட்டித் தூளியாக்கி, நால்வர் மலையிலிருந்து பெண்ணை வீதிக்குச் சுமந்து வந்திருப்பர். "மாஸ்டர், கொஞ்சம் காரை எடுங்க" என்ற குரலில் இருந்த தயக்கம் இன்றும் என்னை வருத்துகின்றது. உயிர் போகும் வேளையிலும் கேட்பதற்கு அஞ்சும்படி எங்கள் மக்களைப் பழக்கியவர் யார்? நுவரெலியா ஆஸ்பத்திரியில் அவ்வாறு பிறந்த பெண் குழந்தை ஒன்றைத் தாய் மறு பொங்கலுக்கு எடுத்துவந்து, காரின் முன்னாசனத்தில் ஒரு நிமிடம் படுக்க வைத்து வணங்கிச் சென்றார்.

மூன்றாவது, 2003இல் வாங்கிய மாருதி 800. மூன்று உருளை, 796 கன சென்ரிமீற்றர். சுசுக்கி நிறுவனத்தின் வடிவம், இந்தியாவின் கைவேலை. 1983 டிசம்பரில் இந்தியாவில் வெளிவந்து, அங்கு நடுத்தரக் குடும்பங்களின் முதற் காராகப் புகழ்பெற்றது. அதே 2003இல்தான், எஞ்சியிருந்த நாடற்றோர் அனைவருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இந்தியாவிலிருந்து வந்த காருக்குப் பதிவு கிடைக்கச் சில நாள்கள் போதுமாயிருந்தன. இந்தியாவிலிருந்து வந்தோரின் மக்களுக்கு 55 ஆண்டுகள் ஆயின. இலக்கத் தகட்டைப் பூட்டிய அன்று தந்தையாரின் மஞ்சள் துணியை எடுத்துப் புதிய பதிவுப் புத்தகத்தை அதிற் சுற்றி வைத்தேன். கீழே வைக்க மறுப்புக் கடிதம் எதுவும் இல்லை.

காலம் மேலும் உருண்டது. 2020 மார்ச்சில் ஊர்தி இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் எரிபொருளுக்காக வீதியெல்லாம் வரிசை நின்றது, ஜூலையிலிருந்து கியூ.ஆர். குறியீட்டைக் காட்டியே பெற்றோல் பெற்றோம். அம்மாதங்களில் நாங்கள் நடந்தோம். நடக்கையில், காரிற் சென்றபோது காணாத முகங்களைக் கண்டோம். லயங்களுக்கு ஏறும் படிகள் எத்தனை என்பதும், மேலிருந்து ஒரு நோயாளியைச் சுமந்து வருவோரின் தோள் எவ்வளவு நோகும் என்பதும் கால்வழியே தெரிந்தன. இன்று தோட்டங்களில் முச்சக்கர வண்டிகள் உள்ளன. நள்ளிரவில் மாஸ்டரின் கதவைத் தட்ட வேண்டியதில்லை. ஆயினும் வண்டி நிற்கும் இடத்துக்கும் லயத்து வாசலுக்கும் இடையே உள்ள அந்த ஒற்றையடிப் பாதை பல மலைகளில் இன்னும் பாதையாகவில்லை.

பறம்பு மலைக்குரிய பாரி முல்லைக் கொடிக்குத் தேர் ஈந்தான் என்று போற்றுகின்றோம். தேரை ஈந்தபின் அவன் எப்படி வீடு திரும்பினான் என்று ஒருவரும் கேட்பதில்லை. நடந்துதான் திரும்பியிருத்தல் வேண்டும். ஈகையின் அளவு அந்த நடையிலும் இருக்கின்றது. எங்கள் மலைகளில் தேர் இல்லாமலே ஒருவரையொருவர் தோளிற் சுமந்தோர் பல்லாயிரவர்; அவர்கள் வரலாற்றைப் பாடக் கபிலர் இல்லை. இளைஞர்களே, உங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேளுங்கள்: அவர்கள் எதில் ஏறினர், யாரை ஏற்றினர், எந்த நிலையத்தில் இறக்கிவிட்டு வெறுமையோடு திரும்பினர் என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வேறு பதிவுப் புத்தகம் இல்லை.