சிறுநீரகப் புற்று: அறுப்பதா, காப்பதா?

கண் இரண்டு, காது இரண்டு என்று நமக்கு அமைந்துள்ள ஜோடிகளில், வெளியே தெரியாத ஜோடி ஒன்று உண்டு. முதுகெலும்பின் இரு புறமும் விலாவெலும்பின் அடியில் ஒளிந்திருக்கும் சிறுநீரகங்களே அவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கைம்முஷ்டி அளவுதான். ஆயினும் இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கின்றன. வேண்டியதையெல்லாம் இரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்று அல்லது இரண்டு லிட்டரை மட்டும் கழிவாக வெளியேற்றுகின்றன.

இந்த அவயவத்தில் புற்றுநோய் தோன்றினால் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியே இராது. சிலருக்குச் சிறுநீரில் இரத்தம் காணும். இரண்டொரு நாளில் தானாக நின்றும் போகும். "உடம்புச் சூடுதான்" என்று இளநீரைக் கொடுத்து, இரத்தம் நின்றதும் அதை மறந்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம். அபாயம் இந்த மறதியில்தான் இருக்கிறது. ஒரே ஒரு முறை கண்டாலும் டாக்டரிடம் காட்டியே தீரவேண்டும். கல்லோ கிருமியோ காரணம் என்று தெரிந்தால் சந்தோஷந்தான். தற்காலத்தில் வேறு எதற்கோ ஸ்கான் எடுக்கப் போன இடத்தில் கட்டி தற்செயலாகத் தென்படுவதும் மிகுதி.

புற்று என்ற சொல் காதில் விழுந்ததும் குடும்பங்கள் இரண்டு விதமாகத் தடுமாறுகின்றன. சிலர் பயந்து நாளைக் கடத்துகிறார்கள். வேறு சிலர், "இன்றைக்கே அதை எடுத்தெறியுங்கள்" என்று டாக்டரை அவசரப்படுத்துகிறார்கள். எதை எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்பதில் வைத்திய சாஸ்திரம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அறிந்தால் இரண்டு தடுமாற்றமும் குறையும்.

1869-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், ஜெர்மனியில் ஹைடெல்பர்க் நகரில் குஸ்டாவ் ஸைமன் என்ற டாக்டர், முதலில் நாய்களிடம் பரீட்சித்துப் பார்த்த பிறகு, ஒரு பெண்மணியின் சிறுநீரகம் ஒன்றை அகற்றினார். அவளுக்கு இருந்த நோய் புற்று அல்ல. ஆயினும் அவள் பிழைத்தெழுந்தாள். ஒரு சிறுநீரகத்தோடு மனிதர் வாழ முடியும் என்பது ருசுவாயிற்று. 1960-களில் டொரான்டோ நகரத்து டாக்டர் ராப்ஸன், புற்றுக் கண்ட சிறுநீரகத்தைச் சுற்றிலுமுள்ள கொழுப்பு முதலியவற்றோடு முழுதும் அகற்றும் முறையை நிலைநாட்டினார். அதுவே நெடுங்காலம் விதியாக இருந்தது. 1990-இல் அமெரிக்காவில் ஸெயின்ட் லூயிஸ் நகரில் டாக்டர் கிளேமன், வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திச் சிறுநீரகத்தை எடுத்துக் காட்டினார்.

இப்பொழுது கட்டி 4 சென்டிமீட்டருக்கு உட்பட்டிருந்தால், இயன்றவரை கட்டியை மாத்திரம் அறுத்துவிட்டு மிகுதியைக் காப்பதே நல்ல முறையென்று கருதப்படுகிறது. 7 சென்டிமீட்டர் வரையிலுங்கூட, இடம் வாய்ப்பாக இருந்தால், நிபுணர்கள் இதற்கு முயல்வதுண்டு. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் மலிந்திருக்கும் காலம் இது. மிஞ்சியிருக்கும் மற்றொரு சிறுநீரகம் எத்தனை வருஷம் தாங்கும் என்பதையும் யோசிக்க வேண்டுமல்லவா? கத்தியைத் தாங்க இயலாதவர்களுக்கு ஊசி போன்ற கருவியைச் செலுத்திச் சிறு கட்டியை உறையவைத்தோ சுட்டோ அழிப்பதுண்டு. மிக வயோதிகருக்குச் சில மாதங்களுக்கு ஒரு முறை ஸ்கான் எடுத்துப் பார்த்துக்கொண்டே வருவதும் ஒரு சிகிச்சைதான். சிறு கட்டிகள் பல மெல்லவே வளருகின்றன. சில, புற்றே அல்ல.

நோய் நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டால் வழி வேறு. சாதாரணப் புற்றுநோய் மருந்துகள் இந்த வகைக்கு அவ்வளவாகப் பலிப்பதில்லை. 2005, 2006-ஆம் வருஷங்களில் ஸோராபெனிப், ஸுனிடினிப் என்ற மாத்திரைகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. கட்டிக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பது அவற்றின் வேலை. 2015-இல் நிவோலுமாப் என்ற மருந்து இந்நோய்க்கு வந்தது. உடலின் காவற்படையைப் புற்று தூங்கவைத்திருக்க, இம்மருந்து அதைத் தட்டி எழுப்புகிறது. இவ்வழிக்கு அடிகோலிய ஆலிஸன், ஹோஞ்ஜோ இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வகை மருந்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கொடுப்பதே இப்பொழுது பெருவழக்கு. ஆனால் விலை அதிகம். எழுப்பிய படை சில சமயம் குடலையும் நுரையீரலையுமே தாக்குவதும் உண்டு. பரவிய நோயாளிகள் எல்லோருக்கும் முதலிலேயே சிறுநீரகத்தை அகற்ற வேண்டியதில்லை என்பதையும், பிரான்ஸ் தேசத்தார் முன்னின்று நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது.

ஆகையால் டாக்டரிடம் கேட்க வேண்டியவை இவை: கட்டி எவ்வளவு பெரிது? எங்கேனும் பரவியிருக்கிறதா? சிறுநீரகத்தில் ஒரு பகுதியையாவது காக்க முடியுமா? மற்றொன்று எப்படி இருக்கிறது? பெரும்பாலோருக்கு இன்னொரு நிபுணரின் அபிப்பிராயத்தைக் கேட்கச் சில நாள் அவகாசம் இருக்கவே இருக்கிறது. இந்தக் கேள்விகளை நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு, உறவினர் மாத்திரம் உள்ளே போய்க் கேட்பது நம்மவரின் பழக்கம். அன்பினால் செய்வதுதான். எனினும் உடம்பு அவருடையது. அவரையும் உள்ளே அழைத்துச் சென்று பக்கத்தில் உட்காரவைத்தே கேட்போமாக.