புது விண்டோஸுக்கு முன் ஒரு பிரதி

தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பழைய வினாத்தாள்கள், செல்வச்சந்நிதித் தேர்ப் படங்கள், கனடாவிலிருந்து வந்த கலியாண வீடியோ, காணி உறுதியின் ஸ்கேன். யாழ்ப்பாணத்தின் தொண்டைமானாற்றுப் பகுதி வீடொன்றில் இவை எல்லாம் ஒரே கணினியில் கிடக்கக்கூடும்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்தது. கணினி நின்றுவிடாது; ஆனால் நீடித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேராவிட்டால் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் வேண்டும். அதற்கு ஈடுகொடுக்காத பழைய கணினியில் உபுண்டு போன்ற இலவச லினக்ஸை நிறுவலாம்.

எதை நிறுவினாலும் முதலில் பிரதி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன; வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அவற்றில் இருந்தன. அந்த இழப்பை அறிந்த ஊருக்குப் பிரதியின் அருமை புரியும். வெளி ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகளைப் பதிந்து, வேறொரு கணினியில் சிலவற்றைத் திறந்து பார்த்து, பிறகு அதைக் கழற்றி வைக்க வேண்டும். நிறுவும்போது வரும் 'கோப்புகளை வைத்திரு' என்ற தெரிவை மட்டும் நம்புவது ஆபத்து.

டிஸ்க்கை மறையாக்கும் பிட்லொக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைப்பது அவசியம். கடையில் கொடுப்பதானால் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை நீக்கி, மின்னஞ்சலிலிருந்து வெளியேறிவிட வேண்டும். நிறுவிய பின் இருப்பிடம், விளம்பர அடையாளம், கூடுதல் கண்டறிதல் தரவு ஆகியவற்றை அமைப்புகளில் அணைக்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கை விற்குமுன் முழுவதும் மேலெழுதி அழிக்க வேண்டும். குப்பைத்தொட்டியைக் காலியாக்கினாலும் கோப்பு மீளக்கூடும்.